ஒரு சிறுமீனும் பாகுபாட்டின் வரலாறும்

2025 ஜனவரியில் ஒரு விஞ்ஞானச் செய்தி வந்தது. அமெரிக்காவின் ரெனஸி மாநிலத்தில் ஒரு பெரும் அணைக்கட்டையே நிறுத்தி வைத்த சிறுமீன் தனியொரு இனமே அல்ல என்று, யேல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் நியர் தலைமையிலான ஆய்வுக்குழு 'கரன்ட் பயோலொஜி' சஞ்சிகையில் எழுதியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் வீட்டுச் சமையலறையில் தேநீரோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் நன்கு வாசிப்பவர், இடதுசாரி. அவர் உடனே சொன்னார்: "பார்த்தீரா, அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். அணையை நிறுத்துவதற்காகப் பேராசிரியர் ஒருவர் உருவாக்கிய மீன்தானே அது?" இன்னொருவர் அதற்கு நேரெதிராக, "இல்லை, இதுதான் பொய். ஏகாதிபத்தியத்தின் ஆய்வுகூடங்கள் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தை உடைக்கச் செய்கிற வேலை" என்றார். இருவருமே கட்டுரையை வாசித்திருக்கவில்லை. நானும் அப்போது வாசித்திருக்கவில்லை. பிறகு வாசித்தேன். வாசித்தபின் இரண்டு நிலைப்பாடுகளும் தவறு என்று எனக்குத் தோன்றியது. எங்களுடைய அரசியல் விவாதங்களில் நாங்கள் வழமையாகச் செய்கிற தவறொன்றையே அவை இரண்டும் செய்கின்றன என்றும் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். இங்கு வட நோர்வேயின் கரையோர ஊரொன்றில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் கைக்கு வரும் மீன்கள் ஏற்கெனவே தலை வெட்டப்பட்டவை. பக்கக்கோடு வெள்ளையாக இருந்தால் ஒரு பெட்டி, கறுப்பாக இருந்தால் வேறு பெட்டி. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வகைப்படுத்துகிறேன். பாகுபாட்டியல் படிப்பித்த காலத்தில் இவ்வளவு மீன் நான் தொட்டதில்லை.

1

டார்ட்டர் என்பது வட அமெரிக்காவின் நன்னீரில் மட்டும் வாழும் சிறுமீன் கூட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரலளவுதான். காற்றுப்பை ஒடுங்கிப்போனதால் இவை நீரின் நடுவில் மிதப்பதில்லை. அடிப்பரப்பில் கல்லோடு கல்லாகக் கிடந்து, திடீரெனப் பாய்ந்து, மறுபடியும் கிடக்கும். ஓடை ஓடையாகப் பிரிந்து வாழ்வதால் ஓர் ஓடையில் இருப்பது அடுத்த ஓடையில் இருப்பதிலிருந்து சிறிது வேறுபடும். எங்கே ஓர் இனம் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று கேட்பவரை இவை நன்றாகத் திணறடிக்கும்.

இவற்றின் பெயர் வரலாறு தொடக்கத்திலிருந்தே மனிதக் குறும்பும் மனிதப் பெருமையும் கலந்தது. 1818 இல் ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் கென்ரக்கியில் ஓவியர் ஓடுபன் வீட்டில் தங்கினார். ஓடுபன் விளையாட்டாகத் தன் கற்பனையில் பிறந்த மீன்களை அவருக்கு விவரிக்க, ரஃபினெஸ்க் அவற்றையும் உண்மையென நம்பி ஒகையோ ஆற்று மீன்கள் பற்றிய தன் நூலில் சேர்த்துவிட்டார். டார்ட்டர்களின் பெரிய சாதிக்கு 1819 இல் எதியோஸ்டோமா என்று பெயரிட்டவரும் இதே ரஃபினெஸ்க்தான். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரே கையால் எழுதப்பட்ட பொய்ப் பெயர்கள் விழுந்தன, மெய்ப் பெயர் நின்றது. ஆற்றில் மீன் இருக்கிறதா என்று மற்றவர்கள் போய்ப் பார்த்ததுதான் காரணம்.

அடுத்த தலைமுறையின் பெரியவர் டேவிட் ஸ்ரார் ஜோர்டன். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1887 இல் அவரும் கில்பேர்ட்டும் 'யுரனிடியா' என்று ஒரு டார்ட்டருக்குப் பெயர் வைத்தார்கள். கண்கள் மேல்நோக்கி அமைந்திருப்பதால் வானத்தைப் பார்ப்பது போன்றது என்பது பொருள். நான் இதை வானம்பார்த்தான் என்று அழைக்கிறேன். மிசிசிப்பிக்கு மேற்கே ஆர்கன்சோ, மிசூரிப் பக்கத்து ஆறுகளில் இன்றும் வாழ்கிறது. இந்தியானாவின் வபாஷ் ஆற்றிலிருந்து மறைந்துவிட்டது. மீன்களை இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்த அதே ஜோர்டன், மனிதரையும் உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்று பிரித்து, இனமேம்பாட்டு இயக்கத்தின் அமெரிக்க முன்னோடிகளில் ஒருவரானார். 2020 இல் ஸ்ரான்போர்ட்டும் இந்தியானாப் பல்கலைக்கழகமும் தமது கட்டடங்களிலிருந்து அவர் பெயரை அகற்றின. மீனுக்கு அவர் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது. விஞ்ஞானப் பெயரிடலின் விதி வைத்தவரின் ஒழுக்கத்தைக் கேட்பதில்லை, முந்தியது எது என்பதை மட்டுமே கேட்கும். இந்த விதி கட்டுரையின் பின்பகுதியில் மறுபடி வரும்.

இங்கே எங்கள் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். இலங்கையில் தமிழில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். இந்த முழு ஏணிக்கும் நாங்கள் வைத்த பெயர் பாகுபாடு. ஒதுக்கி வைப்பதற்கும் அதே சொல்தான். வருணத்தையும் சாதியையும் தவளைக்கும் தாமரைக்கும் நான் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கூச்சப்பட்டதாக நினைவில்லை. பின்வாங்கில் இருந்த சில மாணவர்களுக்கு அச்சொற்கள் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை யோசிக்க எனக்குப் புலம்பெயர்வு தேவைப்பட்டது.

2

இனி ஆற்றுக்கு வருவோம். ரெனஸிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை 1933 இல் ரூஸ்வெல்ற்றின் பொருளாதார மீட்புத் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கப்பட்டது. வெள்ளத்தைத் தடுத்தது, மின்சாரம் கொடுத்தது, வறிய மலைப்பிரதேசத்தின் வாழ்க்கையை மாற்றியது. மூன்றாம் உலகின் அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றுக்கு அது முன்மாதிரி. ஆனால் நல்ல அணைகள் கட்டி முடிந்தபின்பும் அணை கட்டும் நிறுவனம் நின்றுவிடுவதில்லை. 1967 இல் லிற்றில் ரெனஸி ஆற்றின் முகத்துவாரத்தில் ரெலிக்கோ அணை தொடங்கப்பட்டது. அந்த ஆற்றில் தடுக்கப்படாமல் எஞ்சியிருந்தது கடைசி 33 மைல்தான்.

இந்த அணையில் மின் உற்பத்தி இயந்திரம் கிடையாது. நீரை ஒரு வாய்க்கால் வழியாகப் பக்கத்து அணைக்குத் திருப்பிவிடுவதே ஏற்பாடு. முக்கிய நோக்கம் ஏரிக்கரை நிலத்தின் அபிவிருத்தி. ஏரியில் மூழ்கவிருந்தது ஏறத்தாழ 16,500 ஏக்கர், கையகப்படுத்தப்பட்டதோ ஏறத்தாழ 38,000 ஏக்கர். 300 க்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலம் இது, வளமான விவசாய நிலம்.

அதற்கு முன்பு அது செரோக்கி மக்களின் நிலம். 18 ஆம் நூற்றாண்டில் அவர்களின் தலைநகராக இருந்த தனாசி, சோட்டா ஆகிய ஊர்கள் இந்த ஆற்றங்கரையில் இருந்தன. தனாசி என்ற ஊர்ப்பெயரிலிருந்தே ரெனஸி என்ற பெயர் வந்தது. தன் மொழிக்குத் தனியொருவராக எழுத்து உருவாக்கிய செக்கோயா பிறந்ததும் இங்குதான். 1838 இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோர் இராணுவக் காவலில் மேற்கே துரத்தப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மண்ணுக்குள் புதைகுழிகள் எஞ்சின.

விவசாயிகள் எதிர்த்தார்கள். செரோக்கிகள் எதிர்த்தார்கள். ஆற்றில் தூண்டில் போடுபவர்கள் எதிர்த்தார்கள். சுற்றாடல் தாக்க அறிக்கை இல்லை என்ற வழக்கு சில காலம் வேலையை நிறுத்தியது. அறிக்கை எழுதப்பட்டது, வேலை தொடர்ந்தது. பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்கும் அதிகாரத்தின் முன்னால் "இது என் தாத்தாவின் நிலம்" என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் இருந்த ஒரே பதில் நட்டஈட்டுத் தொகைதான்.

3

1973 ஆகஸ்டில் ரெனஸிப் பல்கலைக்கழகத்தின் மீனியல் பேராசிரியர் டேவிட் எட்னியர் கொயிற்றி ஊற்றருகே ஆற்றில் இறங்கி அடிப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை பார்த்திராத டார்ட்டர் ஒன்றைக் கண்டார். 9 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, பழுப்பு நிறமான, முதுகில் நான்கு கருமையான பட்டைகள் கொண்ட மீன். சுத்தமான சரளைக்கல்லின் மேல் ஓடும் நீரில் சிறு நத்தைகளைத் தின்று வாழ்வது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு கீழே போய், வளர்ந்தபின் மேலேறித் திரும்புபவை. அணை இந்தப் பாதையை மறித்துவிடும், வண்டல் சரளைக்கல்லை மூடிவிடும். எட்னியர் அணையை விரும்பாதவர் என்பதும் உண்மை. அதை அவர் மறைக்கவில்லை.

நான்கு மாதங்களின் பின், 1973 டிசம்பரில், ஜனாதிபதி நிக்சன் அருகிவரும் இனங்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஹிறம் ஹில் என்ற சட்ட மாணவர் தன் விரிவுரையாளர் சிக்மண்ட் பிளேற்றரிடம் போய், இந்த மீன் பற்றிப் பரீட்சைக் கட்டுரை எழுதலாமா என்று கேட்டார். அந்தக் கட்டுரையிலிருந்து மனு பிறந்தது, மனுவிலிருந்து வழக்கு பிறந்தது. 1975 இல் மீன் அருகிவரும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எட்னியரின் முறையான விவரிப்பு 1976 இல் வெளிவந்தது. அவர் வைத்த பெயர் பெர்சினா தனாசி. மூழ்கவிருந்த ஊரின் பெயர் மீனுக்கு வந்தது. பொதுவழக்கில் அதை நத்தை டார்ட்டர் என்றார்கள்.

1978 ஏப்ரலில் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. சட்டமா அதிபர் கிறிபின் பெல் நேரில் தோன்றி, ஒரு சிறு குப்பியில் மீனைக் கொண்டுவந்து நீதியரசர்களுக்குக் காட்டினார். இவ்வளவு சிறியதற்காகவா 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட திட்டத்தை நிறுத்துவது என்ற வாதம் அந்தக் குப்பிக்குள் இருந்தது. எதிரே நின்றவர் இளம் சட்ட ஆசிரியர் பிளேற்றர். ஜூன் 15 இல் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு மீனின் பக்கம் வந்தது. எழுதியவர் பழைமைவாதியான பிரதம நீதியரசர் பேர்கர். திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பது எமது வேலையல்ல, சட்டத்தின் வாசகம் விதிவிலக்குத் தரவில்லை என்பதே அதன் சாரம்.

பத்திரிகைகளில் இது "மீன் எதிர் அணை" என்று கேலிக்கதையானது. ஆனால் அடுத்து நடந்ததையே நான் வாசகர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீர்ப்பால் சினமடைந்த காங்கிரஸ், விதிவிலக்குக் கொடுக்க அமைச்சர் மட்டத்தில் ஒரு குழுவை உருவாக்கியது. ஓர் இனத்தின் அழிவைத் தீர்மானிக்கும் குழு என்பதால் கடவுள் குழு என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 1979 ஜனவரியில் அது கூடி அணைக்கு விதிவிலக்கு இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மீனின்மேல் இரக்கம் இதற்குக் காரணமல்ல. ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர் சார்ள்ஸ் ஷூல்ற்சே கணக்கைப் பார்த்தார். திட்டம் 95 வீதம் முடிந்துவிட்டது. அப்படியிருந்தும், முடிக்க வேண்டிய மிகுதிக்கு ஆகும் செலவைக்கூட அதன் பயன் ஈடுசெய்யாது என்று தெரிந்தது. விவசாயிகள் பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்த கணக்குத்தான் அது. அதை அரசின் காதுவரை கொண்டுபோக ஒரு மீன் தேவைப்பட்டது.

அந்த வெற்றி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 1979 ஜூனில் ரெனஸிப் பிரதிநிதி ஜோன் டங்கன், பெரிதாக எவரும் இல்லாத சபையில், ஒரு நிமிடத்துக்குள், நீர் மற்றும் சக்தி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார். எல்லாச் சட்டங்களிலிருந்தும் ரெலிக்கோவுக்கு விலக்கு. செனற்றில் ஹவார்ட் பேக்கர் அதை நிறைவேற்றுவித்தார். செப்டெம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்டார். கடைசிவரை வெளியேற மறுத்த சில குடும்பங்கள் நவம்பரில் அப்புறப்படுத்தப்பட்டன. செரோக்கிகள் சமய சுதந்திரத்தின் பெயரால் இறுதி வழக்கொன்று போட்டார்கள். உங்களுக்கு அந்த நிலத்தில் சொத்துரிமை இல்லை என்றது கீழ் நீதிமன்றம். அந்தப் பள்ளத்தாக்கு உங்கள் சமயத்துக்கு மையமானது என்று நிரூபிக்கவில்லை என்றது 1980 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்குள் நீர் ஏறிவிட்டது. 1979 நவம்பர் 29 இல் அணைக்கதவுகள் மூடப்பட்டிருந்தன. இன்று அந்த ஏரிக்கரையில் ஓய்வு பெற்றோருக்கான வீடுகளும் கோல்ப் மைதானங்களும் படகு கட்டும் ஆலைகளும் இருக்கின்றன. தனாசிக்குக் கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஊர் நீருக்கடியில்.

மீன் அழியவில்லை. முன்கூட்டியே ஹைவாசி முதலிய ஆறுகளுக்கு மாற்றப்பட்டவை பெருகின. 1980 இல் சற்றனூகா அருகே வேறு கூட்டமும் கண்டுபிடிக்கப்பட்டது. 1984 இல் அருகிவரும் நிலையிலிருந்து ஒருபடி இறக்கினார்கள். 2022 இல் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். பாதுகாப்பு வெற்றியளித்ததால் நீக்கப்பட்ட மிகச் சில மீன்களில் இதுவும் ஒன்று.

4

இப்போது 2025 இன் ஆய்வு. நியரும் அவரோடு சேர்ந்த பலரும் மரபணுத் தொகுதியின் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட்டார்கள். செட்டைக் கதிர்களையும் செதில்களையும் மறுபடி எண்ணினார்கள். எட்னியருக்குக் கிடைத்ததைவிட அதிக மாதிரிகள், அதிக ஆறுகள். முடிவு: கிழக்கிலுள்ள நத்தை டார்ட்டருக்கும் மேற்கிலுள்ள வானம்பார்த்தானுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு இனங்களுக்கு இடையிலானது அல்ல, ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்களுக்கு இடையிலானது. எண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மரபணு விலகல், பெர்சினாச் சாதியின் மற்றச் சகோதர இனங்களிடையே காணப்படுவதைவிடக் குறைவு.

இது சரியா? முறையில் பெரிய ஓட்டை எதையும் நான் காணவில்லை. அணை கட்டுவோருக்குச் சேவை செய்யும் ஆய்வு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. இதே ஆய்வாளர்கள் மற்ற டார்ட்டர்களில் ஒன்றென்று எண்ணப்பட்டவற்றை இரண்டாகப் பிரித்தும் இருக்கிறார்கள். ஒரே அளவுகோல் ஓரிடத்தில் பிரிக்கிறது, இன்னோரிடத்தில் சேர்க்கிறது. பிளேற்றர் இதை ஏற்கவில்லை. இவர்கள் சேர்க்கும் மனப்பாங்கினர் என்பது அவர் வாதம். சேர்ப்போர், பிரிப்போர் என்ற இந்தச் சண்டை டார்வின் காலத்திலிருந்தே உள்ளது. இனத்துக்கும் வகைக்கும் இடையில் இயற்கை கோடு போடவில்லை என்று 1859 இல் அவரே எழுதினார். 1942 இல் ஏர்ணஸ்ட் மையர் இனவிருத்தியை அளவுகோலாக்கினார். நானும் அதைத்தான் படிப்பித்தேன். ஆனால் ஆயிரம் மைல் தூரத்தில் இரண்டு ஆறுகளில் இருப்பவை சந்தித்தால் இனம் பெருக்குமா என்று கேட்டால் மையரிடமும் நேரான பதில் இல்லை.

அப்படியானால் எட்னியர் பொய் சொன்னாரா? இல்லை. 1973 இல் கிடைத்த மாதிரிகளை வைத்து, அன்றைய முறையில் எண்ணி, வேறுபாடு கண்டு, அச்சில் வெளியிட்டார். எவரும் திரும்ப எண்ணிப் பார்க்கக்கூடிய விதத்தில் மாதிரிகளைப் பல்கலைக்கழகத்தில் வைத்தார். எண்ணிப் பார்த்தார்கள், திருத்தினார்கள். விஞ்ஞானம் வேலை செய்வது இப்படித்தான். அவருக்கு அணைமேல் வெறுப்பு இருந்தது என்பதால் அவர் எண்ணிக்கை பொய்யாகிவிடாது. ஒருவரின் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் வாதத்தை முறியடித்துவிட்டதாக நம்புகிற எங்கள் வழக்கத்தை இந்த இடத்திலாவது ஒருகணம் நிறுத்திவைப்போம்.

இன்னும் முக்கியமானது சட்டத்தின் வாசகம். 1973 இன் சட்டம் "இனம்" என்பதற்குக் கொடுத்த வரைவிலக்கணத்துக்குள் உப இனங்களும் அடங்கும். ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து தமக்குள் இனம் பெருக்கும் கூட்டமும் அடங்கும். 1978 திருத்தத்தின் பின்பும், முள்ளந்தண்டுள்ள விலங்குகளின் தனித்த கூட்டமொன்றை அச்சட்டத்தின் கீழ் பாதுகாக்கலாம். ஆகவே எட்னியர் அன்று, "இது வானம்பார்த்தானின் கிழக்குக் கூட்டம், கடைசியாக எஞ்சியது" என்று எழுதியிருந்தாலும் மனுவுக்கு இடம் இருந்தது. தனி இனம் என்ற பெயர் வழக்கை இலகுவாக்கியது. ஆனால் அந்த மீன் வாழ்ந்த ஆறு பாதுகாக்கப்பட வேண்டியதா என்ற கேள்விக்கு அந்தப் பெயர் விடையாக இருக்கவில்லை.

பெயருக்கு இனி என்ன நடக்கும்? இரண்டும் ஒன்றென்று ஏற்கப்பட்டால் முந்திய பெயரே நிற்கும் என்பது விதி. யுரனிடியா 1887, தனாசி 1976. ஜோர்டன் வைத்தது நிற்கும், செரோக்கி ஊரின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போகும். இதை வாசித்தபோது நான் சற்றுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. ஆனாலும் அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மறுக்க முடியாது. ஊரை மூழ்கடித்தவர்கள் நியரின் குழுவினர் அல்லர்.

5

இந்தக் கதையில் நான் கண்டது இதுதான். ரெலிக்கோப் பள்ளத்தாக்கில் அநியாயம் தெளிவாக இருந்தது. தேவையற்ற அணை, பறிக்கப்பட்ட நிலம், தோண்டப்பட்ட புதைகுழிகள். ஆனால் சட்டத்தின் கதவில் இருந்த துவாரம் ஒரு மீனின் அளவில்தான் இருந்தது. அதனால் எல்லோரும் மீனின் பின்னால் நின்றார்கள். நின்றதில் தவறில்லை. கதவு அப்படி இருந்தால் அப்படித்தான் நுழையவேண்டும். தவறு பின்னால் நேர்ந்தது. மீன் தனி இனமா என்பதே முழு வழக்கும் என்று இரு தரப்பாரும் நம்பத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்று ஒருவர் "இனம் இல்லை, ஆகவே அணை சரி" என்கிறார். மற்றவர் "அணை பிழை, ஆகவே இனம்தான்" என்கிறார். முன்னவருக்கு 1979 ஜனவரியின் கணக்கு தெரியாது. பின்னவர் உண்மையைத் தேவைக்கேற்ப வளைக்கிறார்.

அகதிகளாகிய நாங்கள் இந்தத் துவாரத்தை அறிவோம். 1951 இன் சாசனத்தில் ஐந்து காரணங்கள்: இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழுவொன்றின் அங்கத்துவம், அரசியல் கருத்து. எனது நேர்முகத்தில் எதிரே இருந்தவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "குண்டு எல்லோர்மேலும்தானே விழுந்தது, உமக்கென்று தனியாக என்ன ஆபத்து?" மொழிபெயர்த்த தம்பி தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னான். எல்லோர்மேலும் விழுந்தது என்பது அந்தப் படிவத்தில் ஒரு காரணமே அல்ல. நான் ஐந்தில் ஒன்றுக்குள் என்னை ஒடுக்கிச் சொன்னேன். சொன்னது பொய்யல்ல, முழுமையும் அல்ல. பிறகு நெடுநாள் நானே அந்த ஒடுக்கிய வடிவத்தை என் வரலாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தனிமனிதருக்கு நேர்வது சமூகத்துக்கும் நேரலாம். எங்கள் உரிமைக்கான வாதத்தை எத்தனை மேடைகளில் தொன்மையின் மேல் கட்டினோம்! முதலில் வந்தவர் யார், தனி இனமா, கலப்பா, கல்வெட்டு என்ன சொல்கிறது, மண்டையோடு என்ன சொல்கிறது என்று. எதிர்த்தரப்பும் அதே களத்தில் நின்று தன் இரத்தத்தின் தூய்மையை நிறுவப் பார்த்தது. நாளை ஒரு மரபணு ஆய்வு வந்து, இலங்கைத்தீவின் மக்கள் எல்லோரும் நெடுங்காலம் கலந்தவர்கள், வேறுபாடு கூட்டங்களுக்கு இடையிலானதுதான் என்று சொன்னால் என்ன செய்வோம்? 1956 இன் சட்டம் நியாயமாகிவிடுமா? 1983 நடக்காததாகிவிடுமா? வாழும் இடத்தில் அச்சமின்றி, தன் மொழியில், தன்னைத் தானே ஆளும் உரிமை ஒரு கூட்டத்துக்கு இருப்பதற்கு அக்கூட்டம் பாகுபாட்டியலின்படி தனி இனமாக இருக்கவேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த வாதம் நேர்மையாகாது. வேறுபாட்டின் மேல் உரிமையைக் கட்டியவர்கள், வேறுபாட்டின் பெயரால் உரிமையைப் பறித்தும் இருக்கிறார்கள். 1911 குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டங்கள் போட்டது. 1948 இல் இரண்டாவது கட்டத்தில் இருந்தவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, முதற்கட்டத்தில் இருந்த தலைவர்கள் எல்லோரும் எதிர்த்து நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், தமிழ் பேசுகிறவர்கள், நாட்கணக்கில், சில இடங்களில் மணிக்கணக்கில், விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்டார்கள். அவர்கள் வேறு இனம் என்பதே போதுமான காரணமாக எங்களில் பலருக்கு இருந்தது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். என் வகுப்பில் ஒருவர் இல்லாமல் போனார். நாங்கள் பாடத்தைத் தொடர்ந்தோம். அன்றைய பாடம் என்னவென்று இப்போது நினைவில்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கமும் விடுபட்டிருக்காது என்பது எனக்குத் தெரியும்.

நண்பர்கள் இருவருக்கும் என் பதில் இதுதான். மீன் தனி இனமா என்பதை மீனியலாளர்கள் மேலும் எண்ணித் தீர்மானிக்கட்டும். அவர்கள் சொல்வதை, எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், ஏற்கப் பழகுவோம். அந்த அணை கட்டப்பட்டிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் 1979 இலேயே எழுத்தில் இருந்தது. இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே வைத்துப் பேச எங்களால் முடியுமானால், எங்கள் சொந்த வழக்கையும் வேறுவிதமாகப் பேச முடியும் என்று நினைக்கிறேன். உடன்படாதவர்கள் அடுத்த இதழில் எழுதவேண்டும். சமையலறையில் பேசியதை அப்படியே எழுதினாலும் போதும். ஆனால் இந்தமுறை ஆய்வுக் கட்டுரையை வாசித்துவிட்டு எழுதுவோம்.